தொட்டில் ஆட்டிய நாற்பத்தொன்றாம் மரம்

மஞ்சக்கல் எஸ்டேட்டில் யாரைக் கேட்டாலும், ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டில் தொட்டில் ஆட்டிய மரத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் செம்பாவின் தூக்கத்தைப் பற்றித்தான் சொல்வார்கள், ஏனென்றால் அந்தப் பிள்ளை மட்டும் ஊர் உலகத்துப் பிள்ளைகளைப் போலத் தூங்கித் தொலைத்திருந்தால் அந்த மரம் மரமாகவே நின்றிருக்கும், ஒருத்தரும் அதை நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். செம்பாவுக்கு அப்போது ஏழு மாதம். தோளில் போட்டால் அழுகை, மடியில் போட்டால் அழுகை, வீட்டு விட்டத்தில் சேலையைக் கட்டி ஆட்டினால் அடுத்த லைன் வீடு வரைக்கும் அழுகை. "இது பிள்ளையாளா, இல்ல ஃபேக்டரிச் சங்கா?" என்று பக்கத்து வீட்டு லூர்துமேரி அக்கா கேட்காத நாள் கிடையாது.

செம்பாவைப் பெற்ற சந்தனமாரிக்கு இருபத்தாறு வயது. புருஷன் இசக்கிராஜ் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், மாசத்துக்கு ஒரு தடவை மலையேறி வந்து பிள்ளையைக் கொஞ்சிவிட்டு, அதன் அழுகையைக் கேட்டுவிட்டு, முதல் பஸ்ஸுக்கே இறங்கிப் போய்விடுவான். எஸ்டேட் காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாம்மா ஓய்வுபெற்றுப் போனதிலிருந்து அங்கே பூட்டுதான் தொங்கியது. பிள்ளைக்காக லீவு போட்டுக்கொண்டே இருந்ததால், இன்னும் நாலு நாள் வராமல் இருந்தால் பதிவேட்டிலிருந்து பேரை எடுத்துவிடுவோம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். பேர் போனால் லைன் வீடும் போகும், அதுதான் எஸ்டேட் சட்டம். அந்த வீட்டை விட்டால் அவளுக்கு இந்தப் பூமியில் வேறு கூரை இல்லை.

ஆகவே ஒரு திங்கட்கிழமை காலையில் சந்தனமாரி, அந்த மலையில் கைப்பிள்ளைக்காரிகள் எல்லாரும் செய்கிறதைத்தான் செய்தாள். தேயிலைக்கு நிழலுக்காக நட்டிருக்கிற சில்வர் ஓக் மரங்களில் வாகாய்த் தாழ்ந்த கிளையுள்ள ஒன்றைப் பார்த்தாள், மூன்று ஆள் உயரத்தில் இளமரம் ஒன்று இருந்தது, பழைய சேலையை அதன் கிளையில் போட்டு முடிந்தாள், பிள்ளையைக் கிடத்தினாள், அது வாயைத் திறப்பதற்குள் கொழுந்துப் பையை மாட்டிக்கொண்டு தேயிலை நிரைக்குள் இறங்கினாள். பத்தடி போனாள், சத்தமில்லை. இருபதடி போனாள், சத்தமில்லை. திரும்பிப் பார்த்தால், தொட்டில் ஆடிக்கொண்டிருக்கிறது, காற்றென்றால் ஒரு பொட்டுக் காற்றில்லை, மற்ற மரங்களில் இலை அசையவில்லை, ஆனால் அந்த ஒரு மரம் மட்டும் அடியிலிருந்து நுனிவரைக்கும் இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு என்று நிதானமாக ஆடுகிறது, அதோடு சேர்ந்து தொட்டிலும் ஆடுகிறது, தொட்டிலுக்குள் செம்பா வாய் பிளந்து தூங்குகிறாள். சந்தனமாரி கிட்டே போய்ப் பார்த்தாள். கிளைக்கு முட்டி இருந்தது. தண்டென்று நினைத்தது ஒன்றோடொன்று ஒட்டிவைத்த நாலு கால். உச்சியில் இரண்டு நீளக் கொம்பு மயிரும், மிளகு போன்ற இரண்டு கண்ணும் இருந்தன.

அவள் அலறவில்லை. ஏழு மாதம் தூங்காத பிள்ளை தூங்கும்போது எந்தத் தாய்தான் அலறுவாள்?

"என்னட்டி அங்க மலைச்சுப்போய் நிக்க?" என்று லூர்து அக்கா நிரையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"மெதுவாக்கா. இப்பத்தான் கண்ணசந்திருக்கா."

லூர்து வந்தாள், பார்த்தாள், நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள், பிறகு சந்தனமாரியின் காதில், "குச்சிப்பூச்சிளா. கொய்யா மரத்துல விரல் நீளத்துக்கு இருக்குமே, அதுதான். இது கொஞ்சம் வளர்ந்துருக்கு" என்றாள். இப்படியாக அந்தச் சேதி ஒருத்தி வாயிலிருந்து ஒருத்தி காதுக்கு, பிள்ளை முழித்துவிடுமோ என்ற பயத்தில் கிசுகிசுப்பாகவே பதினாலு நிரையையும் கடந்து போனது, கடைசி நிரைக்குப் போய்ச் சேர்ந்தபோது அது அதிசயமாக இல்லை, தூங்குகிற பிள்ளையைப் பற்றிய சேதியாகத்தான் இருந்தது. கங்காணி பரமானந்தம் மட்டும், "என்ன அங்க கூட்டம்?" என்று குச்சியை ஆட்டிக்கொண்டு வந்தார். பதினாலு பெண்களும் ஒரே நேரத்தில் உதட்டில் விரலை வைத்ததும், மனிதர் தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரித் திரும்பிப் போனார்.

அதற்கப்புறம் ஒன்பதாம் நம்பர் காட்டில் வாழ்க்கை அதன் போக்கில் நடந்தது. சாயங்காலம் தொட்டிலை அவிழ்த்துக்கொண்டு போனால், மறுநாள் காலையில் அந்தப் பூச்சி இரண்டு நிரை தள்ளி நிற்கும், ஆட்டம் போடுகிற மரத்தைத் தேடி ஒவ்வொரு மரமாகத் தட்டிப் பார்ப்பதும், "ஆத்தாடி, இன்னைக்கு மேட்டுக்குப் போயிருக்கா" என்று கண்டுபிடிப்பதும் பெண்களுக்கு வழக்கமாகிப்போனது. அதற்கு என்ன தின்னக் கொடுப்பது என்று ஒரு நாள் பேச்சு வந்தது, மறுநாளே ஆளுக்கொரு கொய்யாக் கொப்போடு வந்துவிட்டார்கள். ஒரு மாதத்தில் லைன் வீடுகளின் கொல்லையில் கொய்யா மரமெல்லாம் மொட்டையானது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காய் இல்லையே என்று மூக்கால் அழுதன. லூர்து அக்கா அதன் காலில் ஒரு ஜெபமாலையைத் தொங்கவிட்டாள், விடுவாளா சந்தனமாரியின் சின்ன அத்தை, அவள் போய் மஞ்சள் கயிறு கட்டினாள், இரண்டு கட்சியும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. அது இரண்டையும் சுமந்துகொண்டு, யாருக்கும் கட்சி கட்டாமல், செம்பாவை ஆட்டிக்கொண்டு நின்றது.

எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிற கோகிலவாணி டீச்சர் தினமும் அந்தக் காட்டுப் பாதை வழியாகத்தான் போவாள். சின்னப் பெண், கல்லூரியை முடித்துவிட்டு நேரே மலையேறி வந்தவள். அவள் ஒரு நாள் அதை நிமிர்ந்து பார்த்தவள் பார்த்தபடியே நின்றாள், முதல் மணி அடித்தது, இரண்டாம் மணி அடித்தது, டீச்சர் நகரவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கிய பிறகுதான் பெண்கள் அவளைப் பக்கத்தில் விட்டார்கள். சொன்னால் கேமராக்காரன் வருவான், வேலி போடுவான், காட்டை மூடுவான், அப்புறம் செம்பா எங்கே தூங்குவாள்?

"இது ஏன் டீச்சர் இப்படி ஆடுது?" என்று சந்தனமாரி கேட்டாள்.

"காத்துல குச்சி ஆடுற மாதிரி ஆடுது. ஆடாம நின்னா குருவிக்குச் சந்தேகம் வந்துரும்ல?"

"அதுக்கு யார் இதைச் சொல்லிக் கொடுத்தா?"

"குருவிதான்" என்றாள். "கோடி கோடி வருஷத்துக்கு முன்னாடி இதோட முன்னோர்கள் சாதாரணப் பூச்சியாத்தான் இருந்திருக்கும். அதுல கொஞ்சம் குச்சி மாதிரி இருந்தது குருவி கண்ணுக்குத் தப்பிச்சுது, மத்தது குருவி வயித்துக்குள்ள போச்சு. தப்பிச்சதோட பிள்ளைங்க இன்னும் கொஞ்சம் குச்சியா இருந்துச்சு. அதுலயும் நல்லாக் குச்சியா இருந்தது தப்பிச்சுது. இப்படியே எண்ண முடியாத தலைமுறை. தின்ன வந்த குருவிதான் பார்த்துப் பார்த்து இதை இவ்வளவு அழகாச் செதுக்கியிருக்கு. தனக்குத் தெரியாமலே."

அன்று முழுக்கச் சந்தனமாரிக்குக் கை கொழுந்திலேயே இல்லை. அதன் உடம்பில் மரப்பட்டையின் வெடிப்பு இருந்தது, பாசி படர்ந்த மாதிரிப் பச்சைத் திட்டு இருந்தது, கிளை ஒடிந்த இடத்தில் இருக்கிற தழும்புகூட அச்சாய் இருந்தது, ஒரு குருவி கண்ணுக்குத் தப்பவேண்டும் என்பதற்காக இத்தனை வேலைப்பாடா, இத்தனை பொறுமையா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது, அந்த மலைப்பில் அவள் அதை அண்ணாந்து பார்த்து, "நீ பெரிய ஆளுதான் தாயி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

இதுகளில் பெண் மட்டுமே போதும், ஆண் இல்லாமலே முட்டை போட்டுக் குஞ்சு பொரிக்கும் என்று டீச்சர் சொன்ன அன்றைக்குத்தான் காடே அதிர்ந்தது. "இதைக் கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லித் தந்திருக்கக் கூடாதா!" என்று லூர்து அக்கா தலையில் அடித்துக்கொள்ள, சிரிப்புச் சத்தத்தில் செம்பாவே முழித்துக்கொண்டாள்.

இப்படி இருக்கையில்தான் சில்வர் ஓக் மரங்களை வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது. மானேஜர் தானே நேரில் வந்து கூட நின்றுகொண்டார், கங்காணி பரமானந்தம் வெள்ளைப் பெயின்ட் டப்பாவோடு மரம் மரமாக எண் போட்டுக்கொண்டே வந்தார், நாற்பது முடிந்தது, அடுத்தது அது. பெண்கள் எல்லாரும் கங்காணியையே பார்த்தார்கள். அவர் டப்பாவைக் கீழே வைத்தார், மானேஜர் "ம்" என்றார், மனிதர் கண்ணை மூடிக்கொண்டு அதன் மேல் 41 என்று எழுதிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் கங்காணி வீட்டுக்குப் போய் அழுதார் என்று அவர் சம்சாரம் சொன்னாள்.

ஆனால் மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் எண்ணைக் காணவில்லை. அது பக்கத்து மரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, விடிந்தும் முடியாத வேலையாகத் தன் பழைய தோலிலிருந்து சேலையை உருவுகிற மாதிரித் தன்னையே உருவிக்கொண்டிருந்தது, புது உடம்பு இளங்கொழுந்து நிறத்தில் ஈரமாய் இருந்தது, வெளியே வந்ததும் அது திரும்பித் தன் தோலைத் தின்ன ஆரம்பித்தது, கால் தோலைத் தின்றது, மஞ்சள் கயிற்றைத் தின்றது, ஜெபமாலையை மணி மணியாகத் தின்றது, கடைசியில் மானேஜரின் 41-ஐயும் தின்றது. பெண்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "தன்னோட கணக்கைத் தானே தீர்த்துட்டா பாரு!" என்று லூர்து ஆடினாள். முன்பு குட்டையாய் இருந்த ஒரு கால் இப்போது மற்றக் கால்கள் அளவுக்கு வளர்ந்திருந்தது.

"எப்பவோ அறுந்து போன கால்தான் அது, தோல் உரிக்க உரிக்க வளர்ந்துருச்சு" என்றாள் டீச்சர். ஆனால் அதற்கடுத்த வாரம் அதன் வாலடியிலிருந்து மாங்கொட்டை அளவில் முட்டைகள் தொப் தொப்பென்று விழத் தொடங்கியதும், எறும்புகள் நூற்றுக்கணக்கில் வந்து அவற்றை விதையென்று நினைத்துப் புற்றுக்கு இழுத்துக்கொண்டு போனதும், முட்டைகளின் தலையில் ஒட்டியிருந்த கொழுப்புக் குமிழை மட்டும் தின்றுவிட்டு முட்டையைப் பத்திரமாக மண்ணுக்குள் விட்டுவைத்ததும் நடந்தபோது, டீச்சர் முகம் வாடிப்போனது. "முட்டை போட்டாச்சுன்னா முழுசா வளர்ந்தாச்சுன்னு அர்த்தம். இனிமே தோல் உரிக்காது. இனிமே கால் போனா போனதுதான்."

இன்னொன்றும் நடந்தது. ஒரு மத்தியானம், சந்தனமாரி பிள்ளையை எடுத்து மடியில் வைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்த நேரம், இரண்டு இருவாச்சிப் பறவைகள் இறக்கைச் சத்தம் ரயில் மாதிரி இரைய மரங்களுக்கு மேலே தாழப் பறந்தன. அந்த நிழல் பட்டதுதான் தாமதம், அது காலெல்லாம் உடம்போடு ஒட்டிக்கொண்டு வெட்டின மரமாய் விறைத்துத் தடாலென்று விழுந்தது. நாலு தேயிலைச் செடி சப்பட்டையாகிப்போனது. காலித் தொட்டில் அதன் அடியில் மாட்டிக்கிடந்தது. ஒரு மணி நேரம் செத்த மாதிரியே கிடந்துவிட்டு அப்புறம் மெல்ல எழுந்து நின்றது.

"அது வேணும்னு விழல அக்கா" என்றாள் டீச்சர். "கண்ணுல தூசி விழுந்தா நாம மூடிக்கிறோம்ல, அப்படி. நினைச்சாலும் அதால நிறுத்த முடியாது."

சந்தனமாரி இரண்டு நாள் பிள்ளையைக் கட்டவில்லை, இரண்டு நாளும் பிள்ளை தூங்கவில்லை, இரண்டு நாள் லீவும் போனது. மிச்சம் இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் அவள் தொட்டில் சேலையோடு வந்து நின்றாள். முறை வைத்து ஒருத்தி வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது, இருவாச்சி தலை தெரிந்தால் எல்லாருமாகத் தட்டைத் தட்டி விரட்டுவது என்று பெண்கள் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அவ்வளவு ஏற்பாடு செய்தவர்களுக்கு, பயம் வானத்திலிருந்து மட்டுமே வரும் என்று நினைப்பு.

பொள்ளாச்சியிலிருந்து மரம் அறுக்க வந்த ஆறுச்சாமி, மெஷின் ரம்பத்தோடு முப்பது வருஷமாக மலை மலையாக ஏறுகிறவர். கீழ்க் காட்டிலிருந்து ஆரம்பிப்பார்கள், ஒன்பதாம் நம்பருக்கு வர ஒரு வாரம் ஆகும் என்றுதான் பேச்சு. அன்றைக்குப் பார்த்து மூடுபனி. பக்கத்து நிரை தெரியாத பனி. கீழ்க் காட்டுப் பாதையில் மண் சரிந்து கிடந்ததால் லாரி மேல் வழியாக வந்துவிட்டது, நாற்பத்தொன்றைக் காணோமென்று மானேஜர் சத்தம்போட்டதில் கங்காணி மறுபடியும் எழுதிவைத்திருந்த எண்களைத் தடவித் தடவி ஆறுச்சாமி ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே வந்தார். அந்த நேரத்தில் சந்தனமாரி எடை போடுகிற கொட்டகையில் கொழுந்துப் பையோடு வரிசையில் நின்றாள், வானமே தெரியாத பனியில் காவல் முறைக்காரியும் மற்றவர்களோடு அங்கேதான் நின்றாள். தூரத்தில் ரம்பச் சத்தம் கேட்டது. அது எங்கிருந்து கேட்கிறது என்று அவள் உடம்புக்குப் புரிந்த அந்தக் கணத்தில் பையைப் போட்டாள், ஓடினாள்.

தேயிலைக்குள் ஓடினவர்களுக்குத்தான் தெரியும், அந்தச் செடி ஆளை விடாது. முழங்காலைக் கிழித்தது, சேலையைப் பிடித்து இழுத்தது, அவள் ஓடினாள், "நிப்பாட்டுங்க! பிள்ளை கிடக்கு! நிப்பாட்டுங்க!" என்ற குரலைப் பனி வாங்கி வைத்துக்கொண்டது. பின்னால் பதின்மூன்று பேரும் ஓடி வந்தார்கள். அவளுக்கு ரம்பத்தைப் பற்றிக்கூடப் பயமில்லை, ரம்பக்காரன் தொடுவான், அது பயப்படும், விறைத்து விழும், பிள்ளை அடியில் போய்விடும், என் தங்கம் அடியில் போய்விடும் என்ற ஒரே நினைப்புத்தான். ரம்பத்தின் சத்தம் மாறியது. எதையோ கடித்துவிட்டது.

பனியை விலக்கிக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தபோது, ஆறுச்சாமி மெஷினை அணைத்துவிட்டு வாயைப் பிளந்து நின்றார். அவர் காலடியில் ஒரு கால் கிடந்தது, ரம்பம் கடித்த இடத்துக்கு மேலே, இடுப்புப் பூட்டிலேயே கழன்று விழுந்த முழுக்கால், இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அது விழாமல் நின்றுகொண்டிருந்தது. எண்ண முடியாத தலைமுறையாய் உடம்பில் ஊறின பயம் அதை விழு விழு என்று இழுக்கிறது, கண்ணால் பார்க்கவே தெரிகிறது, உச்சியிலிருந்து அடிவரைக்கும் நடுக்கம், கால்கள் உடம்போடு ஒட்டப் பார்க்கின்றன, ஒட்டாமல் நிற்கின்றன, தொட்டில் கட்டிய அந்த ஒரு காலை மட்டும் முட்டி மடங்காமல் நேரே நீட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு, அது பிள்ளையை ஆட்டிக்கொண்டே இருந்தது.

சந்தனமாரி தொட்டிலுக்குள் கையை விட்டுப் பிள்ளையை வாரி எடுத்தாள். செம்பா நெஞ்சில் வந்து சேர்ந்தாள், முழித்துக்கொண்டாள், வீல் என்று கத்தினாள், முழுசாக இருந்தாள். சந்தனமாரி இரண்டெட்டுப் பின்னால் போனாள்.

அப்புறம்தான் அது விழுந்தது.

விழுந்து விறைத்துக் கிடந்தது. ஒரு மணி நேரம் பார்த்தார்கள், இரண்டு மணி நேரம் பார்த்தார்கள். கழன்ற இடத்தில் பச்சையாய் ஒரு துளி கசிந்து உறைந்திருந்தது. "செத்துருச்சாளா?" என்று லூர்து அக்கா கேட்டாள், அவள் குரலில் கேலி என்பதே இல்லை. ஆறுச்சாமி தன் தலைத்துண்டை எடுத்துக் கையில் கசக்கிக்கொண்டு, "எனக்குத் தெரியாதுங்க. மரம்னுதான் நெனச்சனுங்க. சத்தியமாத் தெரியாதுங்க" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார். கங்காணி பரமானந்தம் தேயிலை ஓரத்தில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

செம்பா அழுகையை நிறுத்தவில்லை. சந்தனமாரி அவளைத் தோளில் போட்டு, அழுகிற பிள்ளையை வைத்திருக்கிற எல்லாத் தாயும் செய்வது போல, தான் ஆடுகிறோம் என்று தெரியாமலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தாள். அவளும்தான் அழுதாள். "எந்திரி தாயி. இனிமே கால் வராதுன்னு தெரிஞ்சும் கொடுத்துட்டியே. எந்திரிச்சிரு" என்று அழுதாள். அப்போதுதான் அதன் கொம்பு மயிர் ஒன்று, அவள் ஆட்டத்துக்கு ஏற்ற மாதிரி, ஒரே ஒரு தடவை அசைந்தது.

லூர்து அக்கா அதைப் பார்த்தாள். சந்தனமாரிக்குப் பக்கத்தில் வந்து நின்று அவளும் ஆடினாள். அதைப் பார்த்து இன்னொருத்தி. சின்ன அத்தை ஆடினாள், கங்காணி எழுந்து வந்து வெட்கப்பட்டுக்கொண்டே ஆடினார், பதினாலு பெண்களும் தலையில் கொங்காடிச் சாக்கும் இடுப்பில் படங்குத் துணியுமாக, பனிக்குள் இடுப்பளவுத் தேயிலையில் நின்றுகொண்டு, பயப்படாதே, இங்கே யாரும் இல்லை, காற்றுதான் அடிக்கிறது, நாங்கள் எல்லாம் சும்மா செடி கொடிதான் என்று அதற்குச் சொல்வதைப் போல, ஒரே தாளத்தில் மெல்ல மெல்ல ஆடினார்கள். ஆறுச்சாமி ரம்பத்தைத் தரையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, எல்லாருக்கும் கடைசியில் நின்று ஆடினார்.

எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. அது முதலில் ஒரு காலைப் பிரித்தது. பிறகு இன்னொன்று. ஐந்து காலையும் ஊன்றி எழுந்து, ஒரு பக்கம் சரிந்து, சமாளித்து நின்றது. பிறகு ஒரு எட்டு வைத்து, காற்றில் ஆடுவது போல ஆடி, இன்னொரு எட்டு வைத்து, மேலே சோலைக்காடு இருக்கிற திசையில் நடந்தது. ஆட்கள் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டார்கள்.

"பாத்துப் போங்க அம்மிணி" என்றார் ஆறுச்சாமி.

அது பனிக்குள் போய், மரங்களோடு மரமாகி, அப்புறம் எது மரம் எது அது என்று யாருக்கும் தெரியவில்லை. போன பிறகும் ஒருத்தரும் இடத்தை விட்டு நகரவில்லை, ஆட்டத்தையும் நிறுத்தவில்லை, எடை போடுகிற கொட்டகையிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டும் பதில் கொடுக்கவில்லை. சந்தனமாரியின் தோளில், மனுஷர் ஆட்டி ஒருநாளும் தூங்காத செம்பா, தூங்கிக்கொண்டிருந்தாள்.